காப்பை அறுத்த கள்

குடியை விட்டவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது அவர்கள் முகம் கனிந்துவிடுகிறது. பெண்டாட்டியின் கண்ணீர் என்கிறார்கள், முருகன் அருள் என்கிறார்கள். நான் விட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிறது, என் முகம் கனியவில்லை. என்னை விடவைத்தவர் ஒரு மனிதர். அவர் நன்றாக இருக்கக்கூடாது என்று தினமும் நினைக்கிறேன். அவர் நன்றாகத்தான் இருக்கிறார். அவர் என் மகளின் மாமனார், எங்கள் தோட்டத்துப் பெரிய கங்காணி.

குளுவாங்கிலிருந்து சிம்பாங் ரெங்கம் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ரப்பர்த் தோட்டம். நான் அங்கே ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். பெரிய டாக்டர் எப்போதாவது காரில் வருவார், இரண்டு பேர் நாக்கைப் பார்ப்பார், போய்விடுவார். காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பது, காலில் புண் கழுவிக் கட்டுவது, ஊசி போடுவது, செத்த குழந்தையைத் துணியில் சுற்றித் தாயிடம் கொடுப்பது எல்லாம் என் வேலை. நாகப்பட்டினத்தில் பள்ளிக்கூடம் படித்து, சிங்கப்பூரில் மருந்து வேலை பழகி இங்கே வந்து சேர்ந்தவன். படித்தவன் என்று ஒரு மரியாதை உண்டு. அந்த மரியாதைக்காகக் கள்ளுக்கடைப் பெஞ்சில் உட்காரமாட்டேன். சாயங்காலமானால் ஒரு செம்பில் வீட்டுக்கு வந்துவிடும். மகளைக் கங்காணியின் மகனுக்குக் கொடுத்த பிறகு செம்பும் வேண்டியிருக்கவில்லை. கங்காணி வீட்டுப் பாயில் உட்கார்ந்து பிராந்தி குடிப்போம். அவர் ஊற்றுவார், நான் பேசுவேன். அவருக்கு நல்ல சிரிப்பு.

மாப்பிள்ளை குளுவாங்குக்கு வடக்கே பாலோ பக்கத்துத் தோட்டத்தில் மண்டோர், ஆட்களை மேய்க்கிற வேலை. கல்யாணமான மறுவருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரு வாடகைக் கார் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. உள்ளேயிருந்து என் மகள் இறங்கினாள். தலையில் கட்டியிருந்த துண்டு முழுக்க ரத்தம். குடித்துவிட்டு அவளைக் கதவு நிலையில் மோதியிருக்கிறான். மண்டைத் தோல் பிளந்து தொங்கியது. வேறு யாரும் இல்லை. என் மகளின் தலையில் நானே தையல் போட்டேன்.

எத்தனையோ மண்டைக்குத் தைத்திருக்கிறேன். அன்று நூல் ஊசிக்குள் போகவில்லை. என் மனைவி கோத்துக் கொடுத்தாள். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு, "மெதுவாப்பா, ஒண்ணும் அவசரமில்ல" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். என் கை ஆடியது. பயத்தில் ஆடியதா, முந்தின நாள் பிராந்தியில் ஆடியதா என்று எனக்குத் தெரியாது. இதை எழுதும்போதும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பஞ்சாயத்துக் கூட்டினேன். எங்கள் தோட்டத்தில் பஞ்சாயத்து மாரியம்மன் கோயில் முன்னால், பெரிய கங்காணி தலைமையில் நடக்கும். வழக்கு அவர் வீட்டு வழக்கு என்றாலும் அவர்தான் தலைமை, வேறு யாருக்கும் அந்த நாற்காலியில் உட்காரத் தைரியம் கிடையாது. மகளைத் திருப்பி அனுப்பமாட்டேன், அவன் செய்ததற்கு அவனைக் கோயில் மரியாதையிலிருந்து தள்ளவேண்டும் என்று கேட்டேன். பாதி பேச்சில் அவர் கையைத் தூக்கினார்.

"எம் மவன் குடிச்சான். இல்லேன்னு சொல்லல. ஆனா சம்பந்தி, முந்தாநேத்து எங்க வீட்டுப் பாயில உக்காந்து குடிச்சது யாரு?"

"ரெண்டு பேரும்தான்" என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. அவரும் சிரித்தார்.

"சரியாச் சொன்னான். அப்ப என்ன ஆச்சு? குடிகாரன் மகளைக் குடிகாரன் மகன் அடிச்சிருக்கான். இதுக்கெல்லாம் பஞ்சாயத்துன்னா தோட்டத்துல காலையில பெரட்டுல நின்னு பேர் குடுக்க ஆள் இருக்குமா? வாயில வாடையோட வந்து குடியப் பத்திப் பேசினா அம்மனே சிரிப்பாய்யா."

எல்லோரும் சிரித்தார்கள். என்னிடம் மருந்து வாங்கிக் குடித்துப் பிழைத்தவர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளை எழுந்து கைகூப்பி, இனிக் குடியைத் தொடமாட்டேன் என்று சொன்னான். காயம் ஆறுகிறவரை எங்கள் வீட்டில் இருந்துவிட்டு மகள் அவனோடு பாலோவுக்குப் போனாள். போகும்போது என் மனைவியைக் கட்டிக்கொண்டாள். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள்.

குடிகாரன் மகள். அந்தச் சொல் இருபத்துநாலு மணி நேரமும் என் காதில் இருந்தது. அன்றுதான் குடியை விடுவதா வேண்டாமா என்று யோசிக்க ஆரம்பித்தேன். விட்டால் என்ன லாபம்? முதல் லாபம் என் வாய். வாடை இல்லாத வாயோடு அடுத்த பஞ்சாயத்தில் நான் நின்றால் அவர் எதைச் சொல்லி மடக்குவார்? அந்தக் காட்சியை நினைத்து நினைத்துப் பார்த்தேன். அவர் முகம் சுருங்குவதும், அவர் மகன் கோயில் பந்தலுக்கு வெளியே நிற்பதும் எனக்குப் பிராந்தியை விட இனித்தது. கை நிதானப்படும், வீட்டில் பேச்சு சுமுகமாகும் என்பதெல்லாம் அதற்குப் பின்னால்தான் வந்தன.

நஷ்டமும் குறைவில்லை. கள் சத்து என்று பெரிய டாக்டரே சொல்லியிருக்கிறார், கால் வீங்குகிற வியாதிக்கு அதைக் குடிக்கச் சொல்லி ஆட்களை அவரே அனுப்பியிருக்கிறார். திடீரென்று நிறுத்தியவர்களை என் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டிப்போட்டிருக்கிறேன். மேலெல்லாம் எறும்பு ஊருது, எறும்பு ஊருது என்று தோலைப் பிறாண்டிக்கொள்வார்கள். இரண்டு பேர் அப்படியே செத்ததைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, எங்கள் வேலை. காய்ச்சல் காலத்தில் ஒரு வாரத்தில் பார்க்கிற பிணங்களை நினைத்துக்கொண்டு ஒரு மனிதன் வெறும் வயிற்றோடு தூங்க முடியுமா? எல்லாவற்றையும் விடப் பெரிய நஷ்டம், நான் விட்டால் கங்காணி ஊர் முழுக்க, "நான் நாலு வார்த்த சொன்னேன், டிரஸ்ஸரு திருந்திட்டாரு" என்று சொல்லிக்கொள்வார். அவர் பெயருக்கு அந்தப் புண்ணியத்தைக் கொடுப்பதை விடக் குடித்தே சாகலாம் என்றுகூடத் தோன்றியது.

கடைசியில் வாய்தான் ஜெயித்தது. வைத்தியம் தெரிந்தவனாதலால் ஒரேயடியாக நிறுத்தவில்லை. மருந்து அளக்கும் அவுன்ஸ் கிளாஸை மனைவியிடம் கொடுத்தேன். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து அவள் ஊற்றிக் கொடுத்தாள். வியர்த்துக் கொட்டியது. எறும்பு வரவில்லை. கோயில் திருவிழா நெருங்கியபோது கிளாஸ் காலியாகிவிட்டது.

"விட்டீங்க, சந்தோஷம்" என்றாள் மனைவி. "ஆனா ஊருக்குச் சொல்லிட்டு விடாதீங்க. தமுக்கடிச்சு விட்டவங்கதான் ஒளிஞ்சு குடிச்சாங்க."

எனக்கோ தமுக்கு அடிக்க வேண்டியிருந்தது. யாருக்கும் தெரியாமல் விட்டால் பஞ்சாயத்தில் எப்படி நிற்கும்? அம்மன் முன்னால், காப்புக் கட்டி, எல்லோரும் பார்க்க விடவேண்டும் என்று நினைத்தேன்.

செய்தி எப்படியோ கங்காணிக்குப் போய்விட்டது. அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். எதிர்பார்த்த ஏளனம் இல்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அப்படிப் போடுங்க சம்பந்தி! அன்னிக்கு நான் பேசினது தப்புதான். நீங்க காப்புக் கட்டுங்க. இந்த வருஷம் உங்களுக்குத்தான் மொதல் காப்பு. தீ மிதிக்கிற அன்னிக்கு மகனும் மருமகளும் வருவாங்க. அதுங்க முன்னால நீங்க தீயில எறங்குங்க. எம் மவனுக்கும் புத்தி வரட்டும்."

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். கொடியேற்றத்தன்று பூசாரி மஞ்சள் கிழங்கும் வேப்பிலையும் கோத்த நூலை என் வலது மணிக்கட்டில் முதல் ஆளாகக் கட்டினார். பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்த என் மனைவிக்கும் கட்டினார். பிறகு வழக்கம்போல் எல்லையைச் சொன்னார்: "கொடி எறங்குறவரைக்கும் கவுச்சி கிடையாது, குடி கிடையாது. வடக்கே பாலத்தைத் தாண்டக்கூடாது, தெற்கே சுடுகாட்டைத் தாண்டக்கூடாது. காப்புக் கட்டினவன் எல்ல தாண்டினா அம்மன் கோவம் தோட்டத்து மேல எறங்கும், தெரியும்ல?"

தெரியும். ஒவ்வொரு வருஷமும் கேட்டதுதான். இந்த மலேயாக் காட்டுக்குள் நாங்கள் கொண்டுவந்த சட்டம் அது. துரையின் சட்டத்தை மீறுகிறவர்கள்கூட அதை மீறமாட்டார்கள். பாலத்தருகே இளவட்டங்கள் காவல் நிற்பார்கள்.

திருவிழாவின் நடுவில் ஒருநாள் காலை, ஒரு பால்வெட்டுகிற பெண் காலில் புண்ணோடு வந்தாள். பாலோவில், என் மாப்பிள்ளை வேலை செய்யும் தோட்டத்தில் இருப்பவள். தீமிதிக்காக அக்காள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். நான் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"என்னங்க டிரஸ்ஸரய்யா, மகள வழியனுப்பப் போவலீங்களா?"

"எங்கே வழியனுப்ப?"

"என்னய்யா இப்படிக் கேக்கறீங்க? இன்னிக்கு மத்தியான ரயில்ல அது சிங்கப்பூரு போவுதுல்ல. கப்பலேத்தி ஊருக்கு அனுப்புறாங்களாம். நேத்து லயம் லயமா வந்து சொல்லிட்டு அழுதுச்சு. அப்பாம்மாவுக்குத் தெரியுமான்னு நான்கூடக் கேட்டேன். எல்லாம் தெரியும், அவங்க காப்புக் கட்டியிருக்காங்க, வரமாட்டாங்கன்னு மண்டோரு சொன்னாரு."

பஞ்சைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்தேன். கங்காணிக்குச் சொந்த ஊரில் நிலமும் கிணறும் மாடும் உண்டு. அங்கே கொண்டுபோய் என் மகளைத் தள்ளிவிட்டால் அப்புறம் பஞ்சாயத்து ஏது? வழக்கு ஏது? கடலுக்கு அந்தப் பக்கம், நான் பார்த்திராத ஒரு வீட்டில், அவள் மண்டை மறுபடி உடைந்தால் யார் தைப்பார்கள்? ஒருமுறை நாகப்பட்டினம் கப்பலில் ஏறிவிட்டால் அவளை நான் இந்த ஜன்மத்தில் பார்ப்பேனா என்பதே நிச்சயமில்லை.

கோயிலுக்கு ஓடினேன். கங்காணி தீக்குழிக்கு விறகு அடுக்குவதை மேற்பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம் மகளைக் கப்பலேத்துறீங்களா?"

அவர் மறுக்கவில்லை. குரலை உயர்த்தவுமில்லை. "ஆமா சம்பந்தி. கொஞ்ச நாளைக்கு ஊரப் பாத்துட்டு வரட்டுமேன்னு. வழியனுப்பப் போறீங்களா? போங்களேன். யாரு தடுத்தா?"

சொல்லிவிட்டு என் மணிக்கட்டைப் பார்த்தார். அவ்வளவுதான். அந்தப் பார்வைக்காகத்தான் இந்த மனிதனை நான் சாகும்வரை மன்னிக்கப்போவதில்லை. என் கையைப் பிடித்து வாழ்த்தியதும், முதல் காப்பு கொடுத்ததும், தீமிதிக்கு மருமகள் வருவாள் என்றதும் எல்லாம் எதற்கு என்று அந்த ஒரு பார்வையில் தெரிந்தது. என்னைக் கட்டிப்போடக் கயிறு தேடியிருக்கிறார். நானே நூலை எடுத்துக்கொண்டு போய் நின்றிருக்கிறேன்.

நீ படித்தவனாயிற்றே, நூலைப் பிய்த்தெறிந்துவிட்டுப் போகவேண்டியதுதானே என்று கேட்பவர்கள் தோட்டத்தில் வாழ்ந்திருக்கமாட்டார்கள். அம்மன் கோபத்தால் அம்மை வரும் என்று நான் நம்பவில்லை என்றே வைத்துக்கொள்வோம். காப்போடு எல்லை தாண்டிய டிரஸ்ஸர் கையால் அதற்குப் பிறகு யார் மருந்து வாங்கிக் குடிப்பார்கள்? எந்தத் தாய் காய்ச்சல் பிள்ளையை என்னிடம் தருவாள்? பாலத்துக் காவலில் நிற்கிறவர்கள் கங்காணியின் ஆட்கள், என்னைத் தூக்கிக்கொண்டு வந்து போடுவார்கள். துரையிடம் போகலாம். புருஷன் பெண்டாட்டியைக் கப்பலேற்றுவது துரைக்கு என்ன குற்றம்? வேறு ஆளை அனுப்பலாம் என்றால் கங்காணியை எதிர்த்துப் போக ஓர் ஆள் கிடையாது.

பூசாரியிடம் போய்க் காப்பைக் கழற்றச் சொன்னேன். அவர் பாவம், அழாத குறை.

"கொடி எறங்காம எப்படிய்யா கழட்டுறது? எந் தல போயிடும். குடிச்சவன், கவுச்சி தின்னவன் கையில காப்பு இருக்கக்கூடாதுன்னு அறுத்துவிடுவோம். அவன் அப்புறம் சாதா ஆளு, எங்க வேணா போவலாம். மத்தபடி வழி கெடையாது."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார். நான் அதற்குள் கள்ளுக்கடைப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன்.

திருவிழா நாட்களில் வேலை குறைவு, கடையை முற்பகலிலேயே திறந்துவிடுவார்கள். காப்புக் கட்டாதவர்கள் பெஞ்சில் நெருக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மங்கு கள் கேட்டேன். கடைக்காரர் என் கையைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்.

"வேணாங்கய்யா. காப்புக் கையில நான் ஊத்தினா எங் குடும்பம் வெளங்காது."

"நான் கேக்கறேன், பாவம் எனக்கு."

"பாவத்தையெல்லாம் அளந்தா குடுக்கறாங்க? ரெண்டு பேருக்கும்தான். போயிடுங்கய்யா."

குளுவாங் ஸ்டேஷனுக்கு ரப்பர் ஏற்றிப் போகிற லாரி ஸ்டோர் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. பாலோவில் ஏறினால் சிங்கப்பூர் ரயில் குளுவாங் வழியாகத்தான் போகவேண்டும். அந்த லாரியை விட்டால் வேறு வண்டி இல்லை. பெஞ்சின் ஓரத்தில் ஒரு புல்வெட்டுகிற ஆள், பாதி குடித்த மங்கை முழங்காலில் வைத்திருந்தான். அதைப் பிடுங்கினேன். ஒரே மூச்சில் குடித்தேன்.

 ஒருவன் கூவினான்: "அடேய், டிரஸ்ஸரு எச்சிக் கள்ளக் குடிச்சிட்டாருடா!"

"காப்போட குடிச்சாருடா!"

"வாத்தியாரே வகுப்புக்கு வந்துட்டாரு, பெல் அடிங்கடா!"

மங்கைப் பறிகொடுத்தவன் மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "குடிச்சது பத்துமாய்யா? இன்னும் வேணுமா?" என்று கேட்டான். அவன் கேலி செய்யவில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கள் புளித்திருந்தது, ஒருவன் வாய் வைத்தது, ஈ மிதந்தது. இத்தனை வருஷத்தில் அவ்வளவு ருசியான கள்ளை நான் குடித்ததில்லை. உடம்பு முழுக்க விளக்கேற்றினது போலிருந்தது. காலி மங்கைக் கையில் பிடித்துக்கொண்டே கோயிலுக்கு நடந்தேன். பின்னால் ஒரு கூட்டம் வந்தது.

பூசாரி அரிவாளால் நூலை அறுத்தார். மஞ்சள் கிழங்கு மண்ணில் விழுந்தது. அதைத் தண்ணீரில் விடுவதற்கு இலையில் எடுத்துக்கொண்டார். என்னைப் பந்தலுக்கு வெளியே போகச் சொன்னார்.

"பாத்துக்குங்கடா படிச்சவன் லட்சணத்த" என்றார் கங்காணி எல்லோருக்கும் கேட்கும்படி. "ஒரு வாரம் தாங்கல."

"தாங்கலதான்" என்றேன். "இப்ப யாரு தடுக்கறா?"

சிரிக்க வாயெடுத்தவர் அப்படியே நின்றார். கணக்குப் புரிந்துவிட்டது. அந்த முகத்தை நான் பார்த்தேன். எத்தனையோ சாயங்காலம் கற்பனை செய்தது போலவே சுருங்கியது. பாலத்துக் காவலுக்கு ஆள் அனுப்ப அவர் திரும்பினார், ஆனால் காப்பில்லாதவனை நிறுத்த அவருக்கே நியாயமில்லை. மஞ்சள் புடவையோடு நின்ற என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் நான் ஒரு வார்த்தை சொல்ல நினைத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"நிக்காதீங்க. லாரி போயிரும்."

லாரி ஓட்டுகிற சீனன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மாபோக் லா, டிரஸ்ஸர்! காலையிலேயே மாபோக்!" என்று என் குடிவெறியை மலாயில் சொல்லி வழி முழுக்கச் சிரித்தான். எனக்கு வெறி ஏறவில்லை. பயம்தான் ஏறியிருந்தது. ரயில் போயிருந்தால் என்ன செய்வது? அவள் வேறு பெட்டியில் இருந்து நான் பார்க்காமல் விட்டால்?

குளுவாங் ஸ்டேஷனில் ரயில் நின்றுகொண்டிருந்தது. மூன்றாம் வகுப்புப் பெட்டி ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டே ஓடினேன். ஒரு ஜன்னலில் மகள் தெரிந்தாள். பக்கத்தில் அவன், வெள்ளைக் கோட்டும் சந்தனப் பொட்டுமாக. அன்று அவன் சொட்டுக் குடிக்கவில்லை. வாசலுக்கு இறங்கி வந்து மரியாதையாகப் பேசினான்.

"என்ன மாமா இது கோலம்? பட்டப்பகல்ல குடிச்சிட்டு ஸ்டேஷனுக்கு வந்திருக்கீங்க?"

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு ஸ்டேஷன் ஆள் வந்து என் தோளைப் பிடித்தான். "ஏன்யா, குடும்பத்தோட போற பிள்ளைகிட்ட வந்து வம்பு பண்ற? நவுரு" என்றான். ஒருத்தி தன் குழந்தையை இழுத்துக்கொண்டாள். நான் என்ன சொன்னாலும் அது ஒரு குடிகாரன் சொல்வது. அவன் என்ன சொன்னாலும் அது சந்தனப் பொட்டு வைத்தவன் சொல்வது. என் வாயிலிருந்து வந்த வாடையை நானே முகர்ந்தேன். இந்த உலகத்தில் அவனைக் கொல்லவேண்டும் என்று அந்த நிமிஷம் நினைத்ததைப் போல நான் எதையும் நினைத்ததில்லை.

மகள் ஜன்னல் வழியாக என் கையைப் பார்த்தாள். மணிக்கட்டைச் சுற்றி மஞ்சள் கறை இருந்தது, நூல் இல்லை.

"காப்பு எங்கப்பா?"

"அறுத்துட்டாங்க."

"குடிச்சீங்களா?"

"ஆமாம்மா."

"இங்க வரதுக்கா?"

நான் தலையை ஆட்டினேன். தோட்டத்தில் வளர்ந்த பெண் அவள், மேற்கொண்டு விளக்கம் அவளுக்குத் தேவைப்படவில்லை. எழுந்து வாசலுக்கு வந்தாள். அவன் அவளுடைய தகரப் பெட்டியைப் பிடித்துக்கொண்டான்.

"எறங்கினே, பொட்டி கிடைக்காது."

"வச்சுக்குங்க" என்று இறங்கினாள்.

ஊதல் ஊதியது. அவன் ஒரு கையில் பெட்டியும் மறு கையில் கதவுமாக, இறங்குவதா போவதா என்று ஆடிக்கொண்டிருந்தான். ரயில் அவனுக்காகத் தீர்மானித்தது. கத்திக்கொண்டே போனான். என்ன கத்தினான் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் நினைவில் வைத்திருப்பேன்.

மகளும் நானும் மேடைப் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் தன் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன்.

"அப்பா, நான் வீட்டுக்கு வரேன். ஆனா அங்கயும் சாயங்காலம் ஆனா இந்த வாடதான்னா நான் எங்க போறது சொல்லுங்க."

"சத்தியமா விட்டுட்டேம்மா. இது ஒண்ணுதான்."

"சத்தியம் வேணாம். அவரு எங்கிட்ட பண்ணாத சத்தியமா? சும்மா விடுங்க."

சும்மாதான் விட்டேன். திருவிழாவில் எனக்கு இடமில்லை. மனைவி தனியாகப் பால்குடம் எடுத்தாள். தீமிதியன்று நான் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து கொட்டுச் சத்தம் கேட்டேன். அந்த மாதம் கூலி லயத்தில் ஒரு குழந்தை காய்ச்சலில் போயிற்று. டிரஸ்ஸர் காப்பறுத்ததால் வந்தது என்று கங்காணி அந்தத் தாயின் முன்னாலேயே சொன்னார். அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அதன்பின் ஒவ்வொரு சாயங்காலமும் கை தானாகச் செம்பைத் தேடும். அப்போது பஞ்சாயத்துச் சிரிப்பை நினைத்துக்கொள்வேன். மணிக்கட்டைப் பார்த்த அந்தப் பார்வையை நினைத்துக்கொள்வேன். ரத்தம் கொதிக்கும், தாகம் அடங்கிவிடும். கள் செய்த வேலையைக் கோபம் செய்தது. மகள் ஆஸ்பத்திரியில் எனக்கு உதவியாகக் கட்டுத்துணி வேகவைக்க, மருந்து கலக்கப் பழகிக்கொண்டாள். பெண்கள் என்னை விட்டு அவளிடம் போகத் தொடங்கினார்கள்.

போன மாதம் கங்காணி ஆஸ்பத்திரிக்கு வந்தார். ரப்பர் விலை விழுந்து தோட்டத்தில் ஆள் குறைத்துக்கொண்டிருக்கிற காலம். அவருக்குப் பின்னால் முன்பு போல ஆட்கள் நிற்பதில்லை. வராந்தாவில் நோயாளிகள் நடுவே உட்கார்ந்தார்.

"நடந்தது நடந்துபோச்சு சம்பந்தி. எம் மவன் இப்ப குடிக்கறதில்ல. ஆறு மாசமாத் தொடல. மருமகள அனுப்பி வைங்க. நானே வந்து கேக்கறேன், பாருங்க."

அது பொய்யாக இருந்திருந்தால் எனக்குச் சுலபம். ஆனால் பாலோவிலிருந்து வருகிறவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். ஒரு மனிதன் விடமுடியும் என்பது எனக்குத் தெரியாதா? விட்டவனை நம்பாவிட்டால் என்னை யார் நம்புவது? அது நியாயம். அந்த நியாயம் எனக்கு வேண்டாமாக இருந்தது. இவரை மன்னித்தால் சாயங்காலங்களில் நான் எதை நினைத்துக்கொள்வேன்? ஒரு கிழவரின் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டிருந்தேன். கை ஆடவில்லை, மனசுதான் ஆடியது.

உள்ளே துணி வேகவைத்துக்கொண்டிருந்த மகள் தட்டோடு வெளியே வந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. கங்காணியின் எதிரில் நின்று நிதானமாகச் சொன்னாள்:

"விட்டுட்டாரா மாமா? ரொம்ப நல்லது. ஒடம்புக்கு நல்லது."

தட்டை என் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வரிசையில் இருந்த ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். கங்காணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு படியிறங்கினார்.

அன்று சாயங்காலம் எனக்குக் குடிக்கவேண்டும் போல் இருந்தது. கோபத்தில் இருந்தவரை அப்படித் தாங்கமுடியாமல் தோன்றியதே இல்லை. சந்தோஷம் இப்படிச் செய்யும் என்று எனக்குத் தெரியாது. கள்ளுக்கடைப் பாதை வரை நடந்துவிட்டேன். பிறகு திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டேன். மகள் வந்து எங்கே போனீர்கள் என்று கேட்டாள். நடந்துவிட்டு வந்தேன் என்றேன். அவள் குனிந்து, மூக்கை என் முகத்தருகே கொண்டுவந்தாள். பிறகு சாப்பாடு போட உள்ளே போனாள்.